செவியும் மொழியும்

காது கேளாத குழந்தையை 'ஊமை' என்று நம் முன்னோர் ஒதுக்கினர். அதன் நாவில் குறையில்லை. கேட்டறியாத சொல்லை நா பேசுவது எங்ஙனம்? இதை உணர்ந்த புளோரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கில மாது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கினார்.

சென்னை அடையாற்றில் 1969இல் தோன்றிய பால வித்யாலயா இன்னும் ஒருபடி முன்சென்றது. பள்ளி வயதுக்குக் காத்திராமல், கைக்குழந்தைப் பருவத்திலேயே காதுக்கருவி பொருத்தி, தாயையும் உடனமர்த்திப் பேச்சைப் பழக்கினர். மொழி வேரூன்றும் பருவம் அதுவன்றோ!

ஆயினும் பேச்சுப் பயிற்சி எல்லார்க்கும் ஒன்றுபோல் பலிப்பதில்லை; பலர்க்குக் கைமொழியே இயல்பான மொழி. அதனை வகுப்பறையினின்று விலக்க 1880இல் மிலான் மாநாடு தீர்மானித்தது. கொடிய தீர்மானம் என்பேன். அதனை அதே மாநாட்டின் வழிவந்தோர் வான்கூவரில் 2010இல் நிராகரித்தனர். இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்.