நான்கு நிறமற்ற கரைசல்கள்: வேதியியல் செய்முறையில் சிந்தனைக்கு இடம்

வேதியியல் கற்பித்தலில் படைப்பாற்றல் என்றதும் கண்காட்சி, வினாடி வினா என்று பாடத்துக்கு வெளியே போய்விடுகிறோம். பாடத்துக்குள்ளேயே அதற்கு ஓரிடம் இருக்கிறது: மேல்நிலை வகுப்பின் உப்புப் பகுப்பாய்வு. இன்னதென்று தெரியாத பொருளைச் சான்றுகளைக் கொண்டு இனங்காணும் வேலை அது. ஆனால் சோதனை, காண்பன, அறிவன என்ற மூன்று பத்திகளும் செய்முறை நூலில் வரிசையோடு அச்சாகிவிட்டதால், மாணவர் தீர்மானிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நீல நிறத்தைப் பார்த்ததுமே தாமிர உப்பு என்று முடிவு கட்டி, அறிவனவிலிருந்து காண்பனவுக்குப் பின்னோக்கி எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். வினைகளை நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, சோதனைகளின் வரிசையை மட்டும் மாணவர் பொறுப்பில் விட்டால் இந்த நிலை மாறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சரியான விடை புரிதலுக்குச் சான்றாகாது என்பதை நரன்பெர்னும் பிக்கரிங்கும் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட கல்லூரி மாணவர் பலர், அதே கருத்தைத் துகள்களின் படமாகக் கேட்டபோது தடுமாறினர். அவர்கள் ஆராய்ந்தது எழுத்துத் தேர்வைத்தான்; ஆனால் வழிமுறையைப் பழக்கினால் வழிமுறைதான் வளரும் என்ற முடிவு செய்முறை அறைக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. பேரியம் குளோரைடு, சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிய நான்கு நிறமற்ற கரைசல்களைப் பெயர் ஒட்டாமல் கொடுக்கலாம். வேறு வினைபொருள் கிடையாது. ஒன்றோடொன்று கலந்தே இனங்காண வேண்டும். ஆறு இணைகள். இரண்டில் வெண்ணிற வீழ்படிவு, ஒன்றில் நுரைத்துப் பொங்குதல், மூன்றில் மாற்றமில்லை. இரு வீழ்படிவுகளிலும் பங்கேற்பது பேரியம் குளோரைடு. ஒரு வீழ்படிவும் ஒரு பொங்கலும் தருவது கார்பனேட். வீழ்படிவு மட்டும் தருவது சல்பேட். பொங்கல் மட்டும் தருவது அமிலம். ரெக்கார்டு நோட்டில் வெற்று வரியாகக் கடந்துபோகும் 'மாற்றமில்லை' இங்கே சான்றாகிறது. இன்னும் சுவையான இடம் ஒன்று உண்டு. மிகுதியான கார்பனேட்டில் ஓரிரு துளி அமிலத்தை விட்டால் முதலில் பைகார்பனேட்டே உருவாகும். குமிழி வராமல் போகலாம். அதை மாற்றமில்லை என்று குறித்துக்கொண்டவருக்குக் கார்பனேட்டும் சல்பேட்டும் ஒரே தடயத்தைத் தரும், அட்டவணை முடியாது. தன் காண்பனவையே சந்தேகித்து, மேலும் அமிலம் விட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கே பிறக்கிறது. அடுத்த சுற்றில் அமிலத்துக்குப் பதில் சோடியம் குளோரைடை வைத்தால் அதே அட்டவணை உண்மையாகவே வரும். இருப்பதை வைத்து முடிவு சொல்ல முடியாது, வீழ்படிவைக் கரைத்துப் பார்க்க அமிலம் வேண்டும் என்று கேட்பதுதான் அப்போது சரியான விடை.

வழிகாட்டுதல் குறைந்த கற்பித்தல் தொடக்கநிலையினருக்குப் பயன் தராது என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் வாதிட்டனர். செயல்படு நினைவின் வரம்பை வேதியியல் கல்வியில் வலியுறுத்திய ஜான்ஸ்டோனின் கருத்தும் அந்தப் பக்கமே சாயும். இதை எளிதில் ஒதுக்க முடியாது. வினைகளையே தாமாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பு குழம்பிப்போகும். ஆனால் மேற்கண்ட சிக்கலில் ஒவ்வொரு வினையும் முன்பே கற்றது. புதிதாகச் சுமப்பது திட்டமிடலை மட்டுமே. வீட்டுப்பாடமாகத் தாளில் திட்டத்தை எழுதிவரச் செய்தால் அந்தச் சுமையும் குறையும்.

மதிப்பிடுவது கடினம் என்ற எதிர்ப்பு இதைவிட வலுக்குறைந்தது. திட்டத்துக்கும் காரணத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்கலாம்; கரைசல்களின் எண்களை மேசைக்கு மேசை மாற்றினால் பக்கத்து மாணவரின் விடை உதவாது. செலவும் பெரிதல்ல. பேரியம் உப்பு நச்சுத்தன்மை உடையது என்பதால் துளிக்கணக்கில்தான் பயன்படுத்த வேண்டும். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், சல்பேட்டாக வீழ்படியச் செய்து தனியே சேகரிக்க வேண்டும். அது ஏன் சல்பேட்டாக, கார்பனேட்டாக அல்ல என்பதையும் மாணவரிடமே கேட்கலாம்.