ஆப்பிரிக்கன் ஜாஸ்

ஆப்பிரிக்கன் ஜாஸ், பெல்ஜியக் கொங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லில் (இன்றைய கின்ஷாசா) 1953-இல் உருவான நடன இசைக்குழு. நிறுவியவர் பாடகர் ஜோசப் கபசெலே (1930–1983). ‘கிராண்ட் கலே’ எனப் புகழ்பெற்ற இவர் நவீன கொங்கோ இசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

தோற்றம்

1930-களில் எச்.எம்.வி. நிறுவனம் ‘ஜி.வி.’ வரிசையில் கியூப இசைத்தட்டுகளை ஆப்பிரிக்க நகரங்களில் விற்கத் தொடங்கியது. கொங்கோ மக்களுக்கு அந்தத் தாளம் அந்நியமாகப் படவில்லை. கொங்கோ ஆற்றுப் பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் இசை கியூபாவில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. 1940-களின் இறுதியில் லியோபோல்ட்வில்லில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பெருகின. கிரேக்க வணிகர்களின் ‘ங்கோமா’ நிறுவனத்துக்காக வெண்டோ கொலோசோய் 1948-இல் பாடிய ‘மரி-லூயிஸ்’ பெரும் வரவேற்பைப் பெற்றது. இதற்குப் போட்டியாக எழுந்த ‘ஒப்பிகா’ நிறுவனத்தின் கூடத்தில் வாசித்துவந்த கலைஞர்களைக் கொண்டே கபசெலே தம் குழுவை அமைத்தார். கிதார் கலைஞர் நிக்கோ கசந்தா பதின்வயதிலேயே குழுவில் சேர்ந்து, பின்னர் ‘டாக்டர் நிக்கோ’ எனப் பெயர்பெற்றார்.

இசையும் வகைப்பாடும்

பெயரில் ஜாஸ் இருந்தாலும் குழு வாசித்தது ரும்பா, சா-சா-சா, பொலேரோ ஆகியவற்றையே. பாடல்கள் பெரும்பாலும் லிங்காலா மொழியில் அமைந்தன. முதலில் மெதுவான பல்லவியும் சரணங்களும் வரும். பின்னர் பாட்டு ஓய, கிதார் முன்னுக்கு வந்து சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப மீட்டும். ‘செபென்’ எனப்படும் இப்பகுதியில்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். நிக்கோ முதன்மைக் கிதாரில் பின்னலிட, அவருடைய அண்ணன் தெஷோ தாளக் கிதாரில் அடித்தளம் இடுவார். தும்பா முரசும் மராக்காஸும் உடன் ஒலிக்கும்.

கொங்கோ ரும்பாவை இரு மரபுகளாகப் பிரிப்பது வழக்கம். நயமும் மெருகும் கொண்ட மரபுக்கு ஆப்பிரிக்கன் ஜாஸ் தலைமை வகித்தது. நாட்டுப்புறச் சாயலும் முரட்டுத் துடிப்பும் கொண்ட மரபு, கிதார் கலைஞர் பிராங்கோவின் ஓ.கே. ஜாஸ் (1956) குழுவுடையது. முன்னதே மூத்தது.

விடுதலைப் பாடல்

1960 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் கொங்கோ விடுதலைக்கான வட்டமேசை மாநாடு கூடியது. கொங்கோ அரசியலர் தோமஸ் கன்சாவின் அழைப்பில் குழுவும் அங்கே சென்றது. ஓ.கே. ஜாஸிலிருந்து பாடகர் விக்கி லொங்கொம்பாவும் உடன் சென்றார். அங்கே பிறந்த ‘இந்தெபாந்தான்ஸ் சா-சா’ லுமும்பா, கசவுபு, சோம்பே முதலிய எதிரெதிர் அணித் தலைவர்களின் பெயர்களை ஒரே பாட்டில் அடுக்குகிறது. ஜூன் 30-இல் கொங்கோ விடுதலை பெற்றது. வானொலி வழியே பரவிய இப்பாடல் பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் விடுதலை கீதமாக ஒலித்தது.

பிளவும் பிற்காலமும்

1960-இல் கபசெலே ‘சுர்பூம் ஆப்பிரிக்கன் ஜாஸ்’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு கமரூனின் சாக்சபோன் கலைஞர் மனு டிபாங்கோ குழுவில் இணைந்தார். 1963-இல் நிக்கோவும் பாடகர் தபு லே ரோஷரோவும் வெளியேறி ‘ஆப்பிரிக்கன் பியஸ்டா’வைத் தொடங்கினர். ஆப்பிரிக்கன் ஜாஸ் அதன்பின் பழைய நிலையை எட்டவில்லை. இக்குழு வாசித்த கொங்கோ ரும்பா 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.