ஒயில் வடிகட்டல் (டீசல் லொறி)

எஞ்சின் ஒயிலில் சேரும் கரி, உலோகத்தூள், மண்தூசு ஆகியவற்றைப் பிரிக்கும் முறை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்ல போன்ற தோட்டப்பகுதிகளில் இதன் தேவை அதிகம். பாரத்தோடு தாழ்ந்த கியரில் ஏறுவதும், கொழுந்து மடுவத்தில் எஞ்சினை அணைக்காமல் காத்துநிற்பதும் ஒயிலில் கரியைக் கூட்டும்.

வழமையான பில்டர் வழியாக ஒயில் முழுவதும் பாயவேண்டும். ஓட்டம் தடைப்படக்கூடாது என்பதால் அதன் தாளில் துளைகள் சற்றுப் பெரியவை. பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரோன் அளவுத் துகள்களையே அது நன்கு பிடிக்கும். பெயரிங்குகளைத் தாங்கும் ஒயில் படலமோ சில மைக்ரோன் தடிப்பே. அதற்கு நிகரான துகள்தான் உலோகத்தை அராவுகிறது. இவற்றைப் பிடிக்கவே கிளைவழி பில்டர் உள்ளது: ஒயிலில் ஏறக்குறைய பத்திலொரு பங்கை எடுத்து, நெருக்கமான ஊடகத்தினூடாக மெதுவாகச் செலுத்தி, மீண்டும் சம்புக்கு அனுப்பும். 1923இல் அமெரிக்காவில் அறிமுகமான 'பியூரோலேட்டர்' முதலான தொடக்ககால பில்டர்கள் பலவும் இவ்வகையே.

பிரதான பில்டர் அடைபட்டால் அதன் வால்வு திறந்து, வடிகட்டாத ஒயில் நேரே பெயரிங்குக்குப் போகும். எஞ்சின் வழக்கம்போல் ஓடுவதால் சாரதிக்குத் தெரியாது, இதுவே பேராபத்து.

ஒயிலில் கலந்த டீசலையும் அமிலத்தையும் இத்தகைய பில்டர்கள் நீக்கா. ஆகவே கிளைவழி பில்டர் பூட்டிய லொறிக்கும் ஒயில் மாற்றம் அவசியம். காற்று பில்டர் கிழிந்திருந்தால் இவ்வளவும் வீண். முதலில் அதைப் பாருங்கள்.