முள்ளிவாய்க்கால் மாணவியும் உயர்தரக் கணிதமும்: தனிப் பெண்கள் பாடசாலைதான் தீர்வா?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரில் பெண்களே பெரும்பான்மையினர். பொறியியல் பீடங்களில் மட்டும் அவர்கள் இன்னும் சிறுபான்மையினர். இந்த இடைவெளிக்குப் பரிகாரமாகத் தனிப் பெண்கள் பாடசாலைகளைப் பரிந்துரைப்போர், யாழ்ப்பாணத்தின் உடுவில் மகளிர் கல்லூரி (1824), வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை போன்றவற்றின் நீண்ட மரபைச் சான்று காட்டுவர். முள்ளிவாய்க்காலில் நின்று பார்க்கையில் இந்தப் பரிந்துரை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்தக் கிராமத்து மாணவி ஒருத்தி இணைந்த கணிதம் படிப்பாளா என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: போய்வரக்கூடிய தூரத்தில் கணிதப் பிரிவு, இடையில் மாற்றலாகிப் போகாத ஆசிரியர், பொழுதுபட்ட பின்னும் அச்சமின்றிப் படிக்க ஓர் இடம்.

ஆய்வுகள் சொல்வது

தனிப்பால் பாடசாலைகள் பற்றிய சான்றுகள் ஒருமுகமானவை அல்ல. பால்கி, ஹைட், அலிசன் ஆகியோர் 2014 இல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மாணவரின் முன்னறிவையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்த தரமான ஆய்வுகளில் தனிப்பால் பாடசாலையின் அனுகூலம் மிகச் சிறிதாகவோ இல்லாமலோ போனது. மாணவர் குலுக்கல் முறையில் பாடசாலைகளுக்கு ஒதுக்கப்படும் சியோல் நகரை ஆராய்ந்த பார்க், பெஹர்மன், சோய் ஆகியோர், கணித, விஞ்ஞானத் துறைகளில் ஆண்கள் பாடசாலைகளுக்கு நற்பயன் இருப்பதையும் பெண்கள் பாடசாலைகளுக்கு அத்தகைய பயன் தென்படாததையும் 2018 இல் காட்டினர். பெயர்பெற்ற பெண்கள் பாடசாலையொன்றின் பெறுபேற்றில் தெரிவது பாலின் விளைவா, வளத்தின் விளைவா என்ற கேள்வியை இவை எழுப்புகின்றன.

சாதாரண தரம்: முதல் வாசல்

சாதாரண தரத்தில் கணிதச் சித்தி இல்லாமல் உயர்தரத்தில் தொடர்வது கடினம். ஆயினும் அப்பாடத்தின் பெறுமதி பரீட்சையோடு முடிவதில்லை. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி காணும் கணக்கை எடுத்துக்கொள்வோம். 12,000 ரூபா கடன், ஆண்டு வட்டி 24 சதவீதம், 12 மாதத் தவணை. மாதந்தோறும் முதலில் 1,000 ரூபா கழிகிறது; ஒரு மாத அலகுக்கு வட்டி 20 ரூபா; மாத அலகுகள் 78 (12+11+…+1). ஆகவே மொத்த வட்டி 1,560 ரூபா. மீதி குறைவதைப் பாராமல் முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி அறவிட்டால் 2,880 ரூபா. பின்னதை மாத அலகால் வகுத்துப் பார்த்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதம். 2018 இல் அரசு நுண்கடனுக்கு விதித்த உச்ச வரம்போ 35 சதவீதம்.

முள்ளிவாய்க்கால் அடங்கும் வன்னியில் நுண்கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவோர் பெரும்பாலும் பெண்கள். போரில் துணையை இழந்து தனியே குடும்பம் நடத்தும் தாய்மாரும் அவர்களுள் உளர். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்போருக்கு இந்த ஒரு கணக்கே போதிய மறுமொழி.

உயர்தரம்: அடைபடும் வாசல்

உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியவை. 1சி வகையில் கலையும் வர்த்தகமும் உண்டு. இரண்டாம் வகை தரம் 11 உடன் முடிந்துவிடும். எனவே கரையோரத்து மாணவி கணிதம் படிக்க விரும்பினால் புதுக்குடியிருப்பு, முள்ளியவளை போன்ற இடங்களுக்கே போக வேண்டும். பாடசாலை முடிய ரியூசன், அதன்பின் பேருந்துக்குக் காத்திருப்பு, இருட்டியபின் வீடு. "தனியப் போய்வர வேண்டாம், கலைப்பிரிவு எடு" என்று தாய் சொல்வதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அது பாதுகாப்புக் குறித்த நியாயமான கணிப்பு.

பல்கலைக்கழக அனுமதியில் 5 சதவீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. முள்ளிவாய்க்கால் அமைந்த முல்லைத்தீவு அவற்றுள் ஒன்று. கணிதப் பிரிவில் பரீட்சைக்கு அமர்ந்தவளுக்கே அந்த ஒதுக்கீடு உதவும். தரம் 12 இல் பாதி ஆண்டு பிரயோக கணிதத்துக்கு ஆசிரியரில்லாதிருந்தவளுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து நிற்கிறது. இரண்டும் வன்னி மண்ணிலேயே இருக்க, அவற்றுக்குப் போகும் வழி தரம் 12 இல் அடைபடுகிறது.

விருப்பக்குறைவைக் காரணம் சொல்வதும் பொருந்தாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தபடியே வன்னி மாணவர் உயர்தரப் பரீட்சை எழுதினர்.

செய்யத்தக்கவை

உடுவில் தொடக்கத்தில் ஒரு விடுதிப் பாடசாலை. பெண்பிள்ளையின் நேரத்தை வீட்டுவேலையிலிருந்தும் வழிப்பயணத்திலிருந்தும் மீட்டுக் கொடுத்தது அந்த விடுதி. அம்மரபிலிருந்து வன்னி எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே. அதற்குப் புதிய பாடசாலை தேவையில்லை. இப்போதுள்ள 1ஏபி கலவன் பாடசாலைகளில் மாணவியர் விடுதி அமைக்கலாம். மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு முல்லைத்தீவு வீதியில் பேருந்து விடலாம். தரம் 12 ஐப் பொறுப்பேற்கும் கணித ஆசிரியரை அந்த அணி பரீட்சை எழுதும்வரை இடமாற்றாதிருக்கலாம். வட மாகாணக் கல்வி அமைச்சு இவற்றுள் ஒன்றை மட்டுமே முதலில் செய்ய இயலுமென்றால், ஆசிரியரை நிலைநிறுத்துவதிலிருந்து தொடங்க வேண்டும். கற்பிக்க ஆளில்லாத வகுப்புக்கு விடுதியாலும் பேருந்தாலும் பயனில்லை.