மலைமேல் ஓர் இரவு: மாட்டுப்பட்டியின் தங்குமிடங்கள்

மாட்டுப்பட்டி என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு தங்குமிடம் அடங்கியிருக்கிறது. பட்டி என்பது ஆநிரையை இரவில் அடைத்து வைக்கும் இடம் அன்றோ? கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது இவ்வூர். 1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியுடன் கால்நடைப் பண்ணை இங்கே தொடங்கப்பெற்றபோது அப்பழம்பெயர் மீண்டும் பொருளுடையதாயிற்று. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் விடுமுறைக்கு இம்மலைக்கு வருகின்றனர். விடுதியில் பெட்டியை இறக்கி வைத்ததும், பணியாள் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை தமிழ் பேசக் கேட்டு வியக்கின்றனர். அவ்வியப்புக்கு விடை, இம்மலையில் யார் யார் எங்கெங்கே தங்கினர் என்னும் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் தங்கியோர் முதுவர். மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகவும், தம் தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றதாகவும் அவர்களுடைய மரபு கூறும். அவர்கள் பேச்சும் தமிழை ஒட்டியதே. முதுவர் குடிகளில் மணமாகாத இளைஞர் இரவில் துயில்வதற்கெனப் பொதுச் சாவடி உண்டு. வழிப்போக்கராய் வரும் விருந்தினர்க்கும் அங்கேயே இடம். இம்மலையின் முதல் பயணியர் விடுதி அதுவே என்பது நம் கருத்து. பிற்காலத்தில் வந்த வெள்ளையர்க்குக் காட்டுவழி காட்டியோரும் முதுவரே. கண்ணன் தேவன் மலை என்னும் பெயர்கூட அவர்களுடைய தலைவர் ஒருவரின் பெயரால் ஏற்பட்டது என்பர்.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடம் இம்மலைப் பரப்பைக் குத்தகையாகப் பெற்றார். அதன்பின் சிங்கோனாவும் காப்பியும் பயிராக்கிப் பார்த்து, இறுதியில் தேயிலையில் வந்து நின்றனர் தோட்டக்காரர்கள். தொடக்கத்தில் அவர்கள் தங்கியது புல்வேய்ந்த குடிசைகளில்தான். கணப்பு அடுப்பும் ஓட்டுக் கூரையும் கொண்ட பங்களாக்கள் பின்னரே எழுந்தன.

அக்காலத்தில் இம்மலையின் வாயில் தமிழ்நாட்டுப் பக்கமே இருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக மலையுச்சியில் உள்ள டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் அமைத்து, மாடுகளைப் பூட்டி வண்டி இழுத்தனர். 1908-இல் அதனை மாற்றிச் சிறு இரயில் பாதையாக்கினர். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்குச் செல்லும். 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துப் பெருவெள்ளம், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் சொல்வது, அந்த இரயில் பாதையை அடியோடு பெயர்த்தெறிந்தது. பின்னர் அதனைக் கட்டுவார் இல்லை.

இன்று மாட்டுப்பட்டிப் பக்கம் இராத்தங்குவோர் எதிர்பார்க்க வேண்டியவை சில உண்டு. மூச்சுத் திணறும் உயரம் அன்று இது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் அத்தொல்லை தலைகாட்டும். ஆயினும், இவ்வுயரத்தில் நீர் சுமார் 94 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஆதலால் பருப்பு வேக நேரம் பிடிக்கும். சாம்பார் தாமதமாயின் சமையற்காரரைக் கடிந்துகொள்ள வேண்டா! சனவரி மாத விடியலில் புல்வெளி மீது உறைபனி படிவதும், மழைக்காலத்தில் அட்டை காலைப் பற்றுவதும், காற்று மழையில் மின்விளக்கு அணைவதும் இங்கே இயல்பு. கம்பளியும் கைவிளக்கும் தவறாது கொண்டு செல்லுதல் நன்று. மலைப்பாதையில் நடக்க விழைவோர் வனத்துறையின் அனுமதி பெறாமல் அடியெடுத்து வைத்தல் கூடாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர்; இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டே தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. கோடையில் அம்மலைப்புல் காய்ந்த சருகுக்கு ஒப்பானது என்பதை உள்ளூரார் நன்கறிவர்.

பங்களாவைப் பற்றிப் பேசுவோர் பலர். லயத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர். தேயிலை பறிக்கவென்று கங்காணிமார் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து அழைத்து வந்த மக்களுக்குக் கிடைத்த தங்குமிடம் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சில வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சிறு அடுக்களை, முன்னே ஒரு குறுந்திண்ணை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடளிக்கும் கடமையை முதலாளி மீது சுமத்தியது. ஆனால் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையெனில், அதனைக் காலி செய்தாக வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்தும் சொந்தமாகாத வீட்டை விடுதி என்னாமல் வேறு என்னென்பது?

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. பிழைப்புக்காக மாநிலம் கடந்தவர் நாம். மூணாற்றுத் தமிழரோ, இருந்த இடத்திலேயே வேறு மாநிலத்தார் ஆயினர்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலைச்சரிவு நிகழ்ந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு லயங்களை மூடிற்று. 70 பேர் மறைந்தனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப் போயிருந்தமையால் செய்தி வெளியே வர மறுநாட் காலை ஆயிற்று. மறைந்தோருள் பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. செய்தி கேட்டு உறவினர் அங்கிருந்து மலையேறி வந்தனர். கண்டெடுத்த உடல்களை இராஜமலையிலேயே, அடுத்தடுத்துக் குழி வெட்டி அடக்கம் செய்தனர். இரவிகுளத்து வரையாடுகளைக் காணச் செல்லும் பயணிகள் போவதும் அந்த இராஜமலைக்கே.