துப்பறியும் கதையும் துலாக்கோலும்



நான் இராசிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் வளர்ந்தவன். 1980களில், பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அது முடிந்தபின், அம்மா தறியில் அமர்ந்திருக்க, நான் அருகிலிருந்து கதை படிப்பேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும்; ஆனால் கேட்பதில் அவருக்கு இணையில்லை. நாங்கள் விரும்பிப் படித்தவை பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா துப்பறியும் கதைகள். சுசீலா, பனியனில் குறும்பான வாசகங்களைத் தாங்கி வருபவள். கொலை விசாரணைக்கு நடுவிலும் கேலி பேசுபவள். அம்மா கேட்டுச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே குற்றவாளி இன்னாரென்று எனக்கு முன்பே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் அந்தப் புத்தகம் வகுப்பறையில் என் பையிலிருந்து அகப்பட்டது. ஆசிரியர் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை. "குப்பை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்து, மேசை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அந்த ஒற்றைச் சொல் தீர்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தமிழில் துப்பறியும் கதை நேற்று முளைத்ததன்று. பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனின் கதையை 1894இல் வெளியிட்டார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது; அவர் படைத்த துப்பறியும் கோவிந்தனைத் தமிழகம் விரும்பி வரவேற்றது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எண்ணற்ற வாசகர்களை ஈர்த்தனர். புதிதாகப் படிக்கக் கற்றவர்களைப் படிப்பில் நிலைபெறச் செய்ததில் இக்கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

திறனாய்வாளர்கள் இவற்றை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களையும் நாம் நடுநிலையோடு நோக்க வேண்டும். இக்கதைகளிற் பல, ஆங்கில நாவல்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிய தழுவல்கள். தழுவலைப் புதுமைப்பித்தன் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. க. நா. சுப்ரமண்யம் தமிழின் முதல் ஐந்து நாவல்களென்று தேர்ந்து எழுதிய நூலில் துப்பறியும் நாவல் ஒன்றேனும் இடம்பெறவில்லை. இலக்கியத்தின் தரத்தைக் காக்க முயன்றவர்கள் இவர்கள். இவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் காலப்போக்கில், ஒரு நூலைப் படித்துக் கூறிய தீர்ப்பு, ஓர் இனம் முழுவதற்கும் படிக்காமலே கூறும் தீர்ப்பாக மாறிற்று. தவறு அங்கேதான் தொடங்கிற்று.

இந்த நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. துப்பறியும் கதை படிப்பது வீண் பொழுதுபோக்கு என்று அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945இல் எழுதினார். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1901இல், ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் அவ்வினத்துக்காக வாதாடியிருந்தார். தொலைக்காட்சி வந்த பின்னும் வழக்கு ஓயவில்லை. 1984 முதல் 1996 வரை அமெரிக்காவில் 'மர்டர், ஷி ரோட்' என்ற தொடர் ஓடிற்று. மிதிவண்டியில் ஊரைச் சுற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, கதை எழுதுவதோடு கொலையாளிகளையும் கண்டுபிடிப்பாள். அவ்வேடம் ஏற்ற ஏஞ்சலா லான்ஸ்பரி எம்மி விருதுக்கு 12 முறை முன்மொழியப்பட்டார். அவ்வேடத்துக்காக ஒரு முறையும் விருது பெறவில்லை. பார்ப்பவர்கள் கூடத்தை நிறைத்தனர். பரிசளிப்பவர்கள் கதவைத் திறக்கவில்லை!

நம் தூர்தர்ஷனில் 1985இல் 'கரம்சந்த்' என்ற இந்தித் தொடர் வந்தது. கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறியும் கரம்சந்தாகப் பங்கஜ் கபூரும், அவருடைய உதவியாளர் கிட்டியாகச் சுஷ்மிதா முகர்ஜியும் நடித்தனர். கிட்டி வெகுளித்தனமாகக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்குவாள். ஆயினும், நாம் கேட்கத் தயங்கும் கேள்விகளை நமக்காகக் கேட்டவள் அவளே. சுசீலாவும் கிட்டியும் ஓரினம். சிரிப்பூட்டுபவள் சிந்திக்கமாட்டாள் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவையே இத்தகைய கதைகள் கேலி செய்கின்றன.

இனி நம் சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டிலிருந்து வந்த டி. ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். வடுவூராரின் கதையை 1950இல் 'திகம்பர சாமியார்' என்று அங்கேதான் படமாக்கினார், எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் வந்து கும்பகோணம் வக்கீலின் சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' என அந்த மரபு தொடர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்த இடத்தில் இன்று முகப்பு வளைவு மட்டுமே நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கே உருவாயிற்று. அதன் படச்சுருள் இன்று இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதே 1964இல்தான்.

நண்பர்களே, இங்கேதான் என் கருத்து இருக்கிறது. 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிய பொருளை யாரும் பேணிக் காப்பதில்லை. காக்காத பொருள் அழிகிறது. அழிந்தபின் அதன் தகுதியை அளக்க ஒருவராலும் இயலாது. ஆகவே அவசரத் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பாகிவிடுகிறது. எல்லாத் துப்பறியும் கதைகளும் நல்லவை என்று நான் சொல்லவில்லை, பல நலிந்தவையே. ஒவ்வொன்றையும் அதனதன் நோக்கத்தைக் கொண்டு நிறுத்துப் பாருங்கள். புதிர் நேர்மையாக அமைந்ததா? தடயம் வாசகர் கண்முன் வைக்கப்பட்டதா? நகைச்சுவை கதையோடு ஒட்டியதா? பெண் தன் அறிவால் நடக்கிறாளா, அலங்காரமாக நிற்கிறாளா?

இந்தக் கேள்விகளை நான் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. "அந்தக் கடிதத்தை மூன்றாம் பக்கத்திலேயே காட்டிவிட்டாரே, நீ கவனிக்கவில்லையா?" என்று நாடாவை நிறுத்திவிட்டு அம்மா கேட்பார். கதை ஏமாற்றினால், "இது முறையில்லை" என்பார். நன்றாக முடிந்தால், மறுபடி படிக்கச் சொல்வார். அவர் பெயர் எந்தத் திறனாய்வு நூலிலும் இல்லை. ஆனால் தீர்ப்பு சொல்லுமுன் கதையை முழுவதும் கேட்டவர் அவர். அந்த ஒரு வழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

மேசைக்குள் பூட்டிய அப்புத்தகம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதன் கடைசி அத்தியாயத்தை நான் அறியேன். குற்றவாளி யாரென்பது மட்டும் தெரியும், அம்மா சொல்லியிருந்தார்.