நித்தியகல்யாணி: புற்றுநோய் மருந்தான வரலாறு

நித்தியகல்யாணி (கதராந்தஸ் ரோசியஸ்) மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட சிறு செடி. சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்றும் அழைக்கப்படுகிறது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் இதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை.

பரவல்

1759-இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். 1837-இல் ஜார்ஜ் டான் இட்ட பெயரே இன்று வழங்குகிறது. அழகுச் செடியாக வெப்ப நாடுகளெங்கும் பரவிய இது, பல இடங்களில் நீரிழிவுக்கான நாட்டு மருந்தாயிற்று. தமிழகத்தின் தென்மாவட்டப் புஞ்சைகளில் இலைக்காகவும் வேருக்காகவும் பயிரிடப்படுகிறது.

கண்டுபிடிப்பு

1952-இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர், நீரிழிவுக்கு மக்கள் காய்ச்சிக் குடித்துவந்த இந்த இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். வாய்வழி கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஊசிவழி செலுத்தியபோது வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும் சாறு இரத்தப் புற்றுநோயையும் ஒடுக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958-இல் அறிவித்தனர். எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடா குழுவினர் வின்கிரிஸ்டினைப் பிரித்தனர். 1963-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது.

இம்மருந்துகள் செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களைத் தடுத்து, பிரிதலை நிறுத்துகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் வேறு மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுகின்றன. இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன.

பாதுகாப்பு

உயிர் காக்கும் இம்மருந்து கடும் நஞ்சும்கூட. வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்கிக் கைகால் மரத்துப்போகச் செய்யும். ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இரத்தநாளத்துக்குப் பதிலாகத் தண்டுவடத் திரவத்தில் தவறிச் செலுத்தினால் பெரும்பாலும் மரணமே. ஆகவே ஊசிக்குழலில் அல்லாமல் சிறு திரவப் பையில் கலந்து இரத்தநாளத்தில் ஏற்றும்படி 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

இந்த வரலாற்றை நம்பி இலையைக் கஷாயமாக்கிக் குடிப்பது ஆபத்து. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் அது நோயைத் தீர்க்கும் அளவில் இராது. இலையிலோ நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. எது எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க வழியில்லை. கர்ப்பிணிகள் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

காலம் கடத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. குணப்படுத்தத்தக்க நிலையில் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-இல் அச்சான யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எந்த மூலிகையை எடுத்துக்கொண்டாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது நோயாளியின் உயிருக்குக் காவல்.